கஞ்சாவை மட்டும் விட்டால் போதுமா?

கேள்வி:

வணக்கம் டாக்டர். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 27. அப்பாவோடு சேர்ந்து உரக்கடை நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் சிகரெட் பழகியது. இப்போது ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு ஆகிறது. போன வருஷம் துபாயிலிருந்து வந்த அக்கா வீட்டுக்காரர் ஒரு வேப் (மின்சிகரெட்) கொடுத்தார். வாடை வராது என்பதால் கடைக்குள் இருக்கும்போது அதுதான். மூன்று வருஷமாகக் கஞ்சாவும் உண்டு. வாரத்தில் நாலு ராத்திரி, நண்பன் வயல் பம்புசெட் கொட்டகையில், மூன்று பேர்.

வருகிற தை மாதம் எனக்குக் கல்யாணம். கஞ்சாவை விட்டே ஆக வேண்டும் என்று ஆடியில் நிறுத்தினேன். தூக்கமே இல்லை. அப்பாவோடு தினமும் சண்டை. சிகரெட் இருபதுக்குப் போய்விட்டது. பத்தாம் நாள் திரும்பவும் கொட்டகைக்கே போய்விட்டேன். (போன கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டிருந்தபோது 48 நாள் எதையும் தொடவில்லை. அது சாமி காரியம், கணக்கில் வராது.)

இந்த மூன்றுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை எனக்குத்தான் மனசு பலவீனமா? வேப் இழுப்பது சிகரெட்டுக்குப் பரவாயில்லைதானே? இப்போதைக்குக் கஞ்சாவை மட்டும் விட்டுவிட்டு, சிகரெட்டைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? ஆஸ்பத்திரிக்கு வந்தால் போலீசுக்குச் சொல்வீர்களா? கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் சொல்ல வேண்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 48 நாள் எதையும் தொடவில்லை என்கிறீர்கள். ஆடியில் ஒன்றை மட்டும் நிறுத்தப் பார்த்துப் பத்தே நாளில் தோற்றுப்போன அதே ஆள், கார்த்திகையில் மூன்றையும் சேர்த்து நிறுத்தி ஒன்றரை மாதம் நின்றிருக்கிறார். இது கணக்கில் வராது என்று யார் சொன்னது? என்னிடம் கேட்டால் உங்கள் கடிதத்தில் கணக்கில் வர வேண்டிய முதல் விஷயமே அதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி. உண்டு. ஒரு நூலில் இல்லை, நாலைந்து நூலில்.

கொட்டகையில் எப்படி நடக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. இருபது வருஷமாக இந்த ஊர்ப் பையன்களைப் பார்த்து வருவதால் ஊகிக்க முடிகிறது. ஒரு முறை பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனிடம், 'எப்படிச் செய்வாய், எனக்குக் காட்டு' என்றேன். என் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்துச் சிகரெட் மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினான். உருட்ட உருட்ட உள்ளங்கையில் புகையிலைத் தூள் உதிர்வதாகப் பாவனை. அதில் பாதியை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டான். 'அதை ஏன் கீழே போடவில்லை?' என்று கேட்டேன். 'இது சேராமல் சரியாக எரியாது டாக்டர். தொண்டையிலும் பிடிக்காது. இதோடு கலந்துதான் திரும்ப அடைக்கணும்' என்றான். அதே பையன் காலையில் நர்ஸ் கொடுத்த படிவத்தில் 'சிகரெட்: நாளைக்கு 4' என்று எழுதியிருந்தான். ராத்திரிக் கஞ்சாவோடு கலந்து உள்ளே போன புகையிலை அந்த நாலில் இல்லை. அவன் மறைக்கவில்லை. அதைப் புகையிலை என்று அவன் நினைத்ததே இல்லை.

உங்கள் கணக்கும் இப்படித்தான் இருக்கும். பகலில் பன்னிரண்டு சிகரெட், கடைக்குள் வேப், இதற்குமேல் வாரத்தில் நாலு ராத்திரி கஞ்சாவோடு சேர்ந்து போகிற புகையிலை. மூன்று வழியாகவும் நிகோட்டின் வருகிறது. ஆடியில் கஞ்சாவை நிறுத்தியபோது கஞ்சா மட்டும் நிற்கவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த நிகோட்டினும் நின்றது. உடம்பு அதைக் கேட்டது. கைக்குப் பக்கத்தில் இருந்தது சிகரெட். கஞ்சா இல்லாத எரிச்சலுக்கும் நீங்கள் தேடியது சிகரெட்டைத்தான். பன்னிரண்டு இருபது ஆனதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஒரு மதகை அடைத்தால் அடுத்த மதகில் தண்ணீர் ஏறும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த நூல் மூளைக்குள் ஓடுகிறது. கஞ்சாவில் போதை தருகிற பொருளின் பெயர் டி.எச்.சி. 1964இல் இஸ்ரேலில் பிரித்தெடுத்தார்கள். மூளை செல்களின் மேல் இதற்கென்றே பொருந்துகிற இடங்கள் இருக்கின்றன. நிகோட்டினுக்கு வேறு இடங்கள். இரண்டும் போய்ச் சேருகிற பாதை ஒன்றுதான்: 'நன்றாக இருக்கிறது, திரும்பச் செய்' என்று சொல்கிற பாதை. இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. ரிமோனபன்ட் என்று ஒரு மாத்திரை உடல் எடையைக் குறைக்க வந்தது. டி.எச்.சி. போய் உட்காரும் அதே இடத்தைத்தான் அது அடைத்தது. அதைச் சாப்பிட்டவர்களில் கணிசமானவர்களால் சிகரெட்டையும் விட முடிந்தது. கஞ்சாவின் பூட்டை அடைத்தால் சிகரெட் ஆசை குறைகிறது என்றால், இரண்டுக்கும் உள்ளே எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள். (கடும் மனச்சோர்வு வந்ததால் 2008இல் ஐரோப்பாவில் அந்த மாத்திரையின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கடையில் கேட்டுப் போய்விடாதீர்கள்.)

மூன்றாவது, கையும் நெஞ்சும் பழகிய பழக்கம். முதல் சிகரெட்டை இழுத்தபோது இருமியிருப்பீர்கள். புகையை உள்ளே வாங்கி நிறுத்தக் கற்றுக்கொண்டது பதினொன்றாம் வகுப்பில். அந்தப் பாடத்தைக் கஞ்சாவுக்குப் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை. வேப்புக்கும் அப்படியே.

சிகரெட்தான் கஞ்சாவுக்கு வாசல் என்ற பேச்சு 1975இலிருந்து இருக்கிறது. டெனிஸ் கேண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர், பையன்கள் படிப்படியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வரிசையை அப்போது எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளில் வாசல் எதிர்ப்பக்கமும் திறப்பது தெரிந்தது. சிகரெட்டே குடிக்காமல் கஞ்சாவில் ஆரம்பித்தவர்கள் பின்னால் சிகரெட்டுக்கு அடிமையானதை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இளைஞர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தவர்கள் 2005இல் எழுதினார்கள். வேப் இழுக்கிற விடலைப் பிள்ளைகள் கஞ்சாவும் இழுப்பதற்கான வாய்ப்பு, இழுக்காதவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

அதற்காகச் சிகரெட் குடிக்கிற எல்லாரும் கஞ்சாவுக்குப் போவார்கள் என்று நான் சொல்லவில்லை. 2016-17 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 20 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) உபயோகித்தவர்கள் நாடு முழுக்கவே 1.2 சதவீதம்தான் என்று 2019இல் வந்த மத்திய அரசின் ஆய்வு சொல்கிறது. வெற்றிலைச் செல்லத்தில் புகையிலை வைத்துக்கொண்டு எண்பது வயது வரைக்கும் இருந்த தாத்தாக்கள் கஞ்சா பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. யாரோடு சேருகிறோம், எந்த வயதில் ஆரம்பிக்கிறோம், வீட்டில் என்ன பாரம், பிறவியிலேயே மூளை எதற்கு எளிதில் மயங்குகிறது, எல்லாம் இதில் சேர்ந்தே வருகின்றன. உங்களுக்கு இப்போது முக்கியம், எது முதலில் வந்தது என்பது இல்லை. வந்த பிறகு ஒன்று மற்றொன்றை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதுதான். மனசு பலவீனம் என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை, தம்பி.

வேப்புக்கு வருகிறேன். இதில் உங்களிடம் நேர்மையாகப் பேச வேண்டும். சிகரெட்டை முழுக்க விட்டுவிட்டு அதற்குப் பதிலாக வேப்புக்கு மாறுகிறவர்களுக்குத் தார், கார்பன் மோனாக்சைடு இரண்டும் பெரிதும் குறைகின்றன. இங்கிலாந்தில் சிகரெட்டை விடுவதற்கு அதை ஒரு வழியாகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் கதை வேறு. நீங்கள் மாறவில்லை; கூட்டிக்கொண்டீர்கள். முன்பு அப்பா கல்லாவில் இருக்கும் நேரமெல்லாம் உங்கள் நுரையீரலுக்கு ஓய்வு. ஒரு சிகரெட்டுக்காக மூட்டை எண்ணுகிற சாக்கில் குடோன் பின்பக்கம் போக வேண்டும். இப்போது பில் போட்டுக்கொண்டே ஒரு இழுப்பு. சிகரெட்டுக்காவது எரிந்து முடிகிற நேரம் என்று ஒன்று உண்டு, வேப்புக்கு அதுவும் கிடையாது. இப்போது வருகிற கருவிகளில் நிகோட்டினை உப்பு வடிவத்தில் வைக்கிறார்கள். தொண்டையில் காரம் தெரியாது, அதனால் எவ்வளவு உள்ளே போகிறது என்றும் தெரியாது.

எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கி அதில் ஊத வேண்டும். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று எண் காட்டும். புகைக்காதவருக்குப் பெரும்பாலும் 6க்குள் இருக்கும். 'சிகரெட்டை விட்டு ஒரு மாதம் ஆச்சு டாக்டர், இப்போ வேப்தான்' என்று ஒருவர் பெருமையாக உட்கார்ந்தார். ஊதினார். 24 காட்டியது. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். 'சத்தியமாக சிகரெட் இல்லை' என்றார். சரிதான், சிகரெட் இல்லை. வருகிற வழியில் வண்டியை நிறுத்திக் கஞ்சா புகைத்திருக்கிறார். கஞ்சாப் புகையை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கி வைப்பார்கள் இல்லையா? அதனால் ஒரு சிகரெட்டைவிடக் கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ ஐந்து மடங்கும், உள்ளே போகிற தார் மூன்று மடங்கும் ஏறுகிறது என்று 1988இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். இலைதானே, இயற்கைதானே என்கிறவர்கள் ஒரு முறை அந்தக் கருவியில் ஊதிப் பார்க்கலாம்.

இன்னொன்று. இங்கே வேப் சட்டப்படி கிடையாது. தமிழ்நாட்டில் 2018இலும் நாடு முழுக்க 2019இலும் தடை வந்துவிட்டது. விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். முதல் தடவை விற்றாலே ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அக்கா வீட்டுக்காரர் கொடுத்தது தீர்ந்ததும் நீங்கள் எங்கே போய் வாங்குவீர்கள்? யாரோ கையில் மறைத்துக் கொடுப்பதை. அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. அமெரிக்காவில் 2019இல் வேப் இழுத்த இளைஞர்கள் கூட்டமாக மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் படுக்கையில், 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் இழுத்தது கஞ்சாவின் டி.எச்.சி. கலந்த திரவம், அதில் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் நுரையீரலைக் கெடுத்தது. நிகோட்டினும் கஞ்சாவும் ஒரே கருவியில் போகும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

இப்போது அந்த 48 நாளுக்கு வருவோம்.

கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் அடங்கும். தூக்கமும் கனவும் சிலருக்கு இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். நிகோட்டினும் கிட்டத்தட்ட இதே வேகம்: இரண்டு, மூன்றாம் நாள் உச்சம், மூன்று நாலு வாரத்தில் ஓய்வு. ஆடியில் நீங்கள் பத்தாம் நாள் திரும்பிப் போனபோது மேட்டின் உச்சியைத் தாண்டி இறக்கத்தில்தான் இருந்தீர்கள். உங்களுக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் கண்ணுக்கு நீங்கள் வெறுமனே முறைத்துக்கொண்டு திரிகிற பையன்.

கார்த்திகையிலும் இதே எரிச்சல் வந்திருக்கும். ஆனால் அப்போது என்னவெல்லாம் மாறியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் குளியல். உடம்பில் கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. பெட்டிக்கடைக்காரர் கையில் நீங்கள் காசு நீட்டினாலும் 'சாமி, வேணாம்' என்று அவரே சொல்லியிருப்பார். சாயங்காலம் பஜனை. கொட்டகை நண்பர்கள் அவர்களாகவே ஒதுங்கிப் போயிருப்பார்கள். அப்பா உங்களைச் சாமி என்று கூப்பிட்டிருப்பார். சாமியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மூன்றில் ஒன்றைக்கூட நீங்கள் மிச்சம் வைக்கவில்லை. 'சிகரெட் மட்டும் பரவாயில்லை' என்று மாலை போட்ட எவரும் பேரம் பேசுவதில்லை. அந்தப் பேரம் இல்லாததுதான் உங்களைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நாகூர், முத்துப்பேட்டைப் பக்கத்துப் பையன்கள் நோன்பு மாதத்தில் பகல் முழுக்க எதையும் தொடாமல் இருப்பதையும் இப்படித்தான் பார்க்கிறேன்.

மாலையைக் கழற்றிய பிறகு என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வந்தவர்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். ஊர் வந்து, குருசாமி மாலையைக் கழற்றி, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் கடைத்தெருப் பக்கம் போகிறார்கள். யாரோ ஒருவர் 'அப்புறம், சாமி வேஷம் கலைஞ்சாச்சா?' என்கிறார். ஒரு சிகரெட். முதலில் கஞ்சாவைத் தேடிப் போனேன் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரே ஒரு சிகரெட்தான். ஒரு வாரத்தில் கொட்டகை. அந்தச் சாயங்காலத்தில் உடம்பு நிகோட்டினைக் கேட்டிருக்காது. ஏழு வாரத்தில் அது அடங்கிவிட்டது. கேட்டது அந்த இடமும் அந்த நேரமும்தான். சிகரெட்டைக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, இதனால்தான் வேண்டாம் என்கிறேன். சிகரெட்டை வைத்துக்கொண்டு கஞ்சாவை விடுகிறவர்கள் திரும்பக் கஞ்சாவுக்கு வருவது அதிகம். மூன்றையும் ஒரே நாளில் விடுங்கள்.

நாளும் நன்றாக அமைந்திருக்கிறது. இப்போது ஐப்பசி. கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை பிறக்க இரண்டு மாதம். மாலை போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். அந்த ஒழுங்கு மட்டும் எனக்கு வேண்டும். விடியற்காலைக் குளியல், சாயங்காலத்துக்கு ஒரு வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொட்டகைப் பக்கம் கால் வைக்காத கட்டுப்பாடு. சம்பாவுக்கு மேலுரம் வாங்க ஆட்கள் நிற்கிற பருவம் என்பதால் பகல் தானாகவே ஓடிவிடும். ஆபத்து ராத்திரிதான். நண்பர்கள் இருவரிடமும் முன்கூட்டியே, நேரிலேயே சொல்லிவிடுங்கள். போனை எடுக்காமல் இருந்தால் வீட்டுக்கே வந்து நிற்பார்கள்.

இப்போதிலிருந்து அந்த நாள் வரை ஒரு பாக்கெட் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். சிகரெட், வேப், கஞ்சா எது என்றாலும், எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. முக்கியமாக, தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்று. அரை மணிக்குள் என்றால் உங்களுக்கு நிகோட்டின் பிடிப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தம்; மருந்தின் அளவையே அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

நிகோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுவிட்டு, 'வயிற்றைப் புரட்டுது, இது ஒத்துக்கலை' என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும், வெற்றிலை போட்டவர்கள் ஒதுக்குகிற மாதிரி. காரம் அடங்கியதும் திரும்ப மெல்வது. அரை மணி நேரம் வரும். சிகரெட் ஆசையைக் குறைக்கிற மாத்திரைகளும் இருக்கின்றன. வலிப்பு வந்தவர்களுக்கு அவற்றில் ஒன்று ஆகாது, அதனால் நேரில் பார்த்துத்தான் தருவேன். கஞ்சாவை விடவைப்பதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை கிடையாது. அங்கே உதவுவது பேச்சு சிகிச்சைதான். தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 'ஒரு குவார்ட்டர் போட்டால் தூங்கிடலாம்' என்று யாராவது சொன்னால் அவரை அந்த மூன்று வாரம் பார்க்கவே வேண்டாம். கனவுகள் பயங்கரமாக, சினிமா மாதிரி வரும். பயப்படாதீர்கள், கஞ்சா அடக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் திரும்பி வருகிறது.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் இதைச் சொன்னால் கோபிப்பார்கள், ஆனாலும் சொல்கிறேன். சிகரெட் புகையில் இருக்கிற தார், காபியின் கஃபீனைக் கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைந்துவிடும். அதே நாலு டம்ளர் காபி, இரத்தத்தில் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பப் பற்றவைத்துவிடுவார்கள். நாலு டம்ளரை இரண்டாக்குங்கள், சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். சூயிங்கம் போடுவதற்கு முன் கால் மணி நேரம் காபி குடிக்கவும் கூடாது, நிகோட்டின் வாய்க்குள் சரியாக ஏறாது.

இதற்கு நடுவில் யாரோ உங்களைப் பற்றியே பேசுகிற மாதிரி, பின்தொடர்கிற மாதிரி, காதில் குரல் கேட்கிற மாதிரி இருந்தால் கார்த்திகை வரை காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். தினமும் கஞ்சா உபயோகிக்கிறவர்களுக்கு அதுபோன்ற மனநோய்கள் வருகிற வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் என்று 2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களில் பார்த்திருக்கிறார்கள்.

போலீஸ் கேள்விக்கு நேரான பதில்: சொல்ல மாட்டோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டியது எங்கள் கடமை. கஞ்சா வாங்குவதும் வைத்திருப்பதும் 1985 போதைப்பொருள் சட்டப்படி குற்றம்தான், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வைத்திருந்ததற்கோ உபயோகித்ததற்கோ வழக்கில் சிக்கிய அடிமைப்பட்டவர் தானாக முன்வந்து, அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சைக்கு வருகிறவரைச் சட்டமே வேறு கண்ணால் பார்க்கிறது. நேரில் வரத் தயக்கம் என்றால் முதலில் போனில் பேசுங்கள்: புகையிலைக்கு 1800 11 2356, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் காசு இல்லை.

கடைசியாக அந்தப் பெண். சொல்லுங்கள் தம்பி. போனில் வேண்டாம், வாட்ஸப்பில் வேண்டவே வேண்டாம், நேரில். நாள் குறித்து, சிகிச்சை தொடங்கி, இரண்டு வாரம் நின்ற பிறகு சொன்னால் உங்களுக்குப் பேச்சு வரும். ஆனால் தாலி கட்டுவதற்கு முன். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் சட்டைப் பையில் தாங்களே கண்டுபிடித்து, அவரை என்னிடம் அழைத்து வந்த மனைவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கஞ்சாவைவிட, மறைத்ததுதான் அந்த வீடுகளில் ஆறாமல் கிடக்கிறது. கேட்ட பிறகு அவர் என்ன முடிவு எடுத்தாலும் அது அவர் உரிமை. வேண்டுமானால் இருவருமாக வாருங்கள், அவர் கேட்கிற கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். அந்த நோட்டையும் வேப் கருவியையும் கையோடு எடுத்துப் போங்கள். கருவியை டாக்டரிடம் காட்டிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்; நண்பனுக்குக் கொடுக்க வேண்டாம். ஊதச் சொன்னால் ஊதி, என்ன எண் வந்தது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தை பிறந்ததும் திரும்பப் போய் ஊத வேண்டும். அந்த இரண்டாவது எண்ணை எனக்கும் எழுதுங்கள்.